ஒன்பதாம் இலக்க ட்ராம்

நெஞ்சே,
உன்னோடு தனியாகக் கதைத்து நாளாயிற்று.
இப்போது நம்மிருவருக்கும் நடுவில்
மூன்றாவதாக ஒருத்தர்,
இடது காறையெலும்புக்குக் கீழே.
தீப்பெட்டியைவிடப் பெரிது, கைப்பேசியைவிடச் சிறிது.
தொட்டால் தோலுக்கடியில் நகரப் பார்க்கும்.

பேர்ன் நகரத்தில் பதினான்கு வருடம்
ட்ராம் ஓட்டினேன்.
என் காலடியில் ஒரு மிதி இருந்தது.
செத்தவன் மிதி என்பார்கள்.
ஓட்டுநர் சரிந்தால் கால் தளரும்,
கால் தளர்ந்தால் வண்டி தானாக நிற்கும்.
பனியிலும் கார்த்திகை இருட்டிலும்
அதை அழுத்தி அழுத்தி
நான் சாகவில்லை, நான் சாகவில்லை என்று
நகரசபைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன்னை யாரும் கேட்கவில்லை.
நீ பாட்டுக்கு உள்ளே
தோய்த்துத் தோய்த்து இழுபட்ட பெனியன்போல
பெருத்துக்கொண்டிருந்தாய்.
படம் பார்த்த டாக்டர் ஆம்ஸ்டுட்ஸ்
"பெரிய இதயம்" என்றார், வருத்தத்தோடு.
எங்கள் பாஷையில் அது புகழ்ச்சி என்று
சொல்லச் சொன்னாள் யசோமதி.
நான் சொல்லவில்லை.

காத்திருக்கும் அறையில் நாங்கள் மூன்று பேர்.
ரெகுலா அம்மையார்
வரைபடம் பிடித்துக் காடுகளில் ஓடியவர்.
அவருடைய தசை
இடையிடையே கொழுப்பாக மாறுகிறதாம்,
ஓட ஓட இன்னும் விரைவாக.
லூக்காவுக்குப் பத்தொன்பது வயது, கோல் காப்பவன்.
அவனுக்குச் சுவர் தடித்துப்போய்
இரத்தத்துக்கு இடம் போதவில்லை.
அவன் தகப்பனுக்கும் அதே சுவர்தான்;
தகப்பன் இப்போது படம்.
எனக்கு மெலிந்த சுவர்.
நோய் மூன்று விதம்,
பெட்டி ஒரே கம்பனி.
"உங்களுக்கு உதைத்திருக்கிறதா?"
லூக்கா மெல்லக் கேட்டான்,
முதல் முத்தத்தைப் பற்றி விசாரிப்பவன்போல.
அதுவரைக்கும் இல்லை.

பெட்டி வைத்தவன் பயணிகளை ஏற்றக் கூடாது.
நியாயமான சட்டம்.
அதனால்தான் கோபத்தை எங்கே வைப்பதென்று
தெரியவில்லை.
தொலைந்த பொருள் பிரிவில் போட்டார்கள்.
குடைகள், ஒற்றைக் கையுறைகள்,
ஒருமுறை யாருடையதோ மேல்வரிசைப் பல்செட்.
மூன்று மாதம் வைத்திருப்போம்,
ஆள் வந்து கேட்டால் கொடுப்போம்.

மாசி மாதம். செவ்வாய். பின்னேரம் நான்கு நாற்பத்திரண்டு.
ஒன்பதில் நான் பயணி,
ஓட்டுநருக்கு நேர் பின்னால்,
மடியில் ஒரு கட்டு லீக்ஸ்.
பேரன்பிளாட்ஸ் தாண்டியதும்
வெளிச்சம் ஓரங்களிலிருந்து சுருங்கி வந்தது.

பிறகு
ஒரு மாடு உதைத்தது,
உள்ளேயிருந்து.

கண் திறந்தால் மணிக்கூண்டு.
லீக்ஸ் தரையில்.
ட்ராம் நிற்கவேயில்லை.
ஏன் நிற்கும்?
செத்தது ஓட்டுநர் அல்லவே.
எதிரிலிருந்த பெண் குனிந்து
கட்டை எடுத்துத் தந்தாள்.
நன்றி என்றேன்.
பாலத்தின்மேல் ஆற்றைப் பார்த்தேன்.
பச்சையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பெட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.
நாள், நேரம், பதினொரு விநாடி.
கோழி கிளறியதுபோல் ஒரு கோடு,
நடுவில் ஒரு குத்து,
அதன்பின் நீ, நெஞ்சே,
ஒன்றும் நடவாதவன்போல் ஒழுங்காக.
அந்தத் தாளை யசோமதி நாலாக மடித்து
கரண்ட் பில்லோடு வைத்தாள்.
அன்றிரவிலிருந்து
என் வலப்பக்கம் படுக்கிறாள்.

போன கிழமை டாக்டர் இன்னொன்று கேட்டார்.
எப்போதோ ஒரு நாள், வேறொரு வருத்தத்தில்,
நீங்கள் உண்மையாகவே போகும்போது
இதற்கு அது விளங்காது,
உதைத்துக்கொண்டே இருக்கும்.
நிறுத்தச் சொல்வது யார்?
படிவத்தில் பெயருக்கு ஒரு கோடு விட்டிருந்தது.
யசோமதி பேனாவை வாங்கவில்லை.
அவசரமில்லை என்றார் டாக்டர்.
கையெழுத்தில்லாத படிவம்
அவள் கைப்பைக்குள் போனது.

திரும்பும்போது ஒன்பதில்தான் வந்தோம்.
ஓட்டியது ஒரு சின்னப் பெண்,
காதில் மூன்று வளையம்.
யசோமதி எழும்பி, கம்பியைப் பிடித்து,
கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.
"காலை அழுத்தித்தான் வைத்திருக்கிறாளா?"

அது இங்கேயிருந்து தெரியாது என்றேன்.